காம்பவுண்ட் ஓரம் காடாகிடுச்சா? அரிவாளை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து நிற்கும்போதுதான் அந்தச் செடிகள் நம் கண்ணில் படும். "செவுரே தெரியலீங்களே, பிரஷ்ஷை எங்கீங்க விடறது?" என்று அவர் கேட்டதும், வீட்டில் யாராவது ஒருத்தர் அரிவாளோடு இறங்கிடுவார். அரை மணி நேரத்தில் செம்பருத்தி, மல்லி, காகிதப்பூ, அரளி எல்லாமே ஒரே உயரத்துக்கு மொட்டை. சுவர் பளிச்னு இருக்கும். பூ? அதை அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுடுவோம்.

எனக்கு ஊர் நாமக்கல் மாவட்டம், மல்லசமுத்திரம். திருச்செங்கோட்டுக்குப் பக்கம். இங்கே பெரும்பாலான வீடுகளில் தோட்டம்னு தனியா எதுவும் கிடையாது. வாசலுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் இருக்கும் ரெண்டடி, மூணடி மண்தான் தோட்டம். அதில் ஆத்தா வெச்ச குண்டுமல்லி, அத்தை வீட்டிலிருந்து போத்து ஒடிச்சுக்கொண்டு வந்த செம்பருத்தி, 'குட்டையாத்தான் வளரும்' என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கிய காகிதப்பூ. அந்தக் காகிதப்பூ இன்றைக்கு மாடி கைப்பிடிச் சுவரைத் தாண்டி நிற்கிறது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நானும் ஒரு பிப்ரவரி மாச ஞாயிற்றுக்கிழமை யூடியூப் வீடியோ ஒண்ணு பார்த்துட்டு மொத்த வரிசையையும் வெட்டித் தள்ளினேன். செம்பருத்தி தப்பிச்சுது. காகிதப்பூ கோபப்படலை. குண்டுமல்லிதான் கைவிட்டுடுச்சு. பங்குனியில் மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு மொக்கு இல்லை. ஆத்தா கடைக்குப் போய் முழம் போட்டு வாங்கி வெச்சுக்கிட்டு கோயிலுக்குப் போச்சு. என்னை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தாலே பரவாயில்லைனு இருந்தது.

அதுக்கப்புறம் கேட்டும், படிச்சும், வெட்டிப் பார்த்தும் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்கே சொல்றேன்.

பூ எங்கே வரும்? முதல்ல அதைப் பாருங்க

நம்ம ஊர் வேலியோரப் பூச்செடிகளில் பெரும்பாலானவை புதுசா துளிர்க்கும் கிளையில்தான் பூக்கும். பழைய தடித்த கட்டையில் பூ வராது. அதனால்தான் கவாத்து பண்ணாமல் பல வருஷம் விட்ட செடியில் மேலே உச்சியில் மட்டும் நாலு பூ தெரியும். கீழே முழுக்க வெறும் குச்சி, காய்ஞ்ச சருகு. வெட்டினால் புதுத் துளிர் வரும், துளிர் வந்தால் பூ வரும். இதுவரைக்கும் எல்லாச் செடிக்கும் ஒரே கதைதான்.

வித்தியாசம் நேரத்தில் இருக்கு. வெட்டிய நாளிலிருந்து மொட்டு வரும்வரை ஒவ்வொரு செடிக்கும் ஓர் இடைவெளி உண்டு. செம்பருத்தி வருஷம் முழுக்கப் பூக்கிற செடி. எப்போ வெட்டினாலும் கொஞ்ச நாளில் சமாளிச்சுக்கும். குண்டுமல்லிக்கு ஒரு சீசன் இருக்கு. அந்தச் சீசனுக்கு முன்னாடி துளிர்விட்டு வளர அவகாசம் கொடுக்காமல் வெட்டினால், பூவோடு சேர்த்து வெட்டினதா அர்த்தம். ஒரே நாளில் மொத்த வரிசையையும் வெட்டுவதில் இருக்கிற தப்பு அதுதான். வெள்ளையடிக்கிறவர் கேலண்டரும் செடியோட கேலண்டரும் வேற வேற.

குண்டுமல்லி: நவம்பர் கடைசியை விட்டுடாதீங்க

குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு, நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து பண்ணச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 50 சென்டிமீட்டர்னா சுமார் ஒன்றே முக்கால் அடி. முதல் தடவை வெட்டும்போது கை நடுங்கும், அவ்வளவு கீழே. ஆனா செடி தாங்கும். டிசம்பர், ஜனவரியில் துளிர்த்து, பக்கக் கிளைகள் பிரிந்து, மார்ச்சில் பூக்க ஆரம்பிக்கும். நான் வெட்டியது பிப்ரவரியில். துளிர்த்து மொட்டுக்குத் தயாராகி நின்ற கிளைகளைத்தான் வெட்டியிருக்கேன்.

வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே தண்ணீரை நிறுத்திடுங்க. வெட்டினதும் மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிடணும். காய்ஞ்ச குச்சி, ஒண்ணோட ஒண்ணு உரசுகிற கிளை, உள்பக்கமா வளர்ற கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துடுங்க. அப்புறம் செடியைச் சுற்றிக் கொத்திவிட்டு, நல்லா மக்கிய தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடலாம். தோட்டத்தில் மல்லி போடுகிறவர்களுக்கு ஒரு செடிக்கு 10 கிலோ தொழுவுரம் கணக்கு. வீட்டுச் செடிக்கு ஒரு பாண்டு நிறைய போட்டாலே போதும்.

நவம்பர் கடைசியில் அடைமழை பிடிச்சுக்கிட்டா? நாலு நாள் வெயில் கிடைக்கும் வரை காத்திருங்க. டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும் பெரிசா மோசமில்லை. தை பிறந்துட்டா, அந்த வருஷம் காய்ஞ்ச குச்சியை மட்டும் எடுத்துட்டு விட்டுடுங்க.

முல்லைக்குக் கணக்கு வேற. அதை ஜனவரி கடைசி வாரத்தில், 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டணும். 'ரெண்டும் மல்லிதானே'னு ஒரே நாளில் வெட்டுகிற வீடுகள் நிறைய. கொடியாக ஏறிப் பந்தலை அமுக்கிக்கொண்டிருக்கும் முல்லையை வெட்டும்போது, எந்தக் கொடி எங்கிருந்து வருகிறது என்று அடியிலிருந்து தடவிப் பார்த்துட்டு வெட்டுங்க. மேலே இழுத்தால் பந்தலோடு வரும்.

காகிதப்பூவுக்குத் தண்ணிதான் எதிரி

'எங்க வீட்டுக் காகிதப்பூ மூணு மாடி உயரம் போகுது, பூவே இல்லை' என்று புலம்புகிற எல்லாரிடமும் ஒரே கேள்வி: பக்கத்தில் பாத்திரம் கழுவுற தண்ணி போகுதா? பெரும்பாலும் 'ஆமாங்க'னுதான் பதில் வரும். காகிதப்பூவில் நாம் பூ என்று ரசிக்கிற அந்தச் சிவப்பும் ரோஸும் பூவே இல்லை. நிறம் மாறிய இலைகள். உள்ளே வெள்ளையா குட்டியா இருப்பதுதான் நிஜப் பூ. மண் காய்ந்து, செடி கொஞ்சம் தவித்தால்தான் அந்த நிறம் வரும். தண்ணியும் எருவும் தாராளமா கிடைச்சா, அது முள்ளும் பச்சையுமா ஓடிக்கொண்டே இருக்கும்.

கோடைப் பூ ஓய்ந்து ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் பலமா வெட்டலாம். முழங்கால் உயரத்துக்குக்கூட கொண்டுவரலாம், துளிர்த்துடும். அப்புறம் அக்டோபர் வாக்கில் நீளமா ஓடின நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் நிறைய வரும். கிளை அதிகமானால் பூவும் அதிகம். வெட்டும்போது தோல் கையுறை போட்டுக்குங்க. துணிக் கையுறையை இந்த முள் மதிக்காது. கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் நல்லது. வெட்டி விட்ட கொடி சாட்டை மாதிரித் திரும்பி அடிக்கும்.

பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால், வெட்டுவதற்கு முந்தின நாளே சொல்லிடுங்க. முள் குச்சி அவங்க வாசலில் விழுந்தப்புறம் சொன்னா, பேச்சு செடியோடு நிற்காது.

அரளி: வெட்டினதை எங்கே போடுறீங்க?

இந்தப் பக்கத்துக்கு அரளி புதுசில்லை. சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் ஏக்கர் ஏக்கராக அரளி போட்டிருக்காங்க, அங்கிருந்து கோயில்களுக்கும் பூ மார்க்கெட்டுகளுக்கும் போகுது. வறட்சியைத் தாங்கும், ஆடு கடிக்காது, சுவரை மறைக்கும். அதனால் வீட்டு ஓரத்துக்கும் வந்துடுச்சு.

ஆடு ஏன் கடிக்காது? இலை, தண்டு, பூ, வேர் என்று அரளியில் எல்லாமே விஷம். இதயத் துடிப்பைக் குலைக்கும் வகை விஷம். பச்சையா செடியில் இருக்கும்போது அதன் கசப்பால் ஆடு மாடு ஒதுங்கிப் போகும். வெட்டிப்போட்டு ரெண்டு நாள் வாடினால் கசப்பு தெரியாமல் போகலாம். விஷம் மட்டும் அப்படியே இருக்கும். பெரிய மாட்டுக்கே ஒரு கைப்பிடி இலை போதும், ஆபத்துதான். நம்ம ஊரில் நாம் என்ன பண்றோம்? வெட்டினதை எல்லாம் அள்ளி ரோட்டோரம் போடுகிறோம். அதே ரோட்டோரத்தில்தான் சேலம் கருப்பு ஆடுகள் மேய்ந்துகொண்டு போகும். புல்லோடு புல்லா அரளி இலை கலந்து கிடந்தால் அது தேர்ந்தெடுத்துச் சாப்பிடாது. வளர்க்கிறவங்களுக்கு அந்த ஓர் ஆடுதான் பிள்ளைங்க ஸ்கூல் பீஸா இருக்கும்.

எரிக்கவும் கூடாது. அந்தப் புகையும் விஷம்தான். அரளிக் குச்சியைக் குழந்தைகள் விளையாட எடுக்கவும் விடாதீங்க. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2024 மே மாதத்தில், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்ததும் இந்த விஷத்தை நினைத்துத்தான்.

அதுக்காக அரளியைப் பிடுங்கி எறியணும்னு சொல்லலை. பூ ஓய்ந்ததும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்க. அடியிலிருந்து கொத்துக் கொத்தாக வரும் போத்துகளில் வலுவான நாலைந்தை வெச்சுட்டு மிச்சத்தை எடுத்துடுங்க. பால் கையில் படாமல் கையுறை போடணும், முடிச்சதும் சோப்பு போட்டுக் கழுவணும். வெட்டிய இலையையும் குச்சியையும் தனிச் சாக்கில் கட்டி, 'அரளி' என்று சொல்லியே பேரூராட்சி குப்பை வண்டியில் கொடுங்க. இடம் இருந்தால் ஆழமா குழி வெட்டிப் புதைச்சுடலாம். மஞ்சள் அரளிக்கும் இதே ஜாக்கிரதை வேணும். அதன் கொட்டை இன்னும் மோசம். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

செம்பருத்தியும் மத்த செடிகளும்

செம்பருத்தியைப் பிப்ரவரியிலோ, ஜூன் மழைக்குப் பிறகோ வெட்டலாம். ரொம்ப வயசான செடி என்றால் ஒரேயடியா வேண்டாம். அடியில் தடித்த கிளைகள் ஆறு இருந்தால், இந்தத் தடவை ரெண்டு, ஆறு மாசம் கழித்து ரெண்டு, அப்புறம் ரெண்டு. செடியின் மொத்த உருவத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் போகக் கூடாது. வெட்டும்போது கிளை நுனிகளில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா இருக்கான்னு பாருங்க. மாவுப்பூச்சி. 2008-ல் கோவைப் பக்கம் முதன்முதலாகத் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டையே ஒரு வழி பண்ணின பப்பாளி மாவுப்பூச்சிக்கு செம்பருத்தியும் பிடிச்ச செடிதான். 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அது அடங்குச்சு. வீட்டுச் செடியில் மாவுப்பூச்சி இருந்தால், அந்த நுனியை வெட்டிக் கவரில் போட்டுக் கட்டிடுங்க. மிச்சத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலமா இலைக்கு அடிப்பக்கம் படும்படி அடிங்க.

இட்லிப்பூ கிளை நுனியில்தான் கொத்து வைக்கும். அதனால் பூ உதிர்ந்த கொத்துக்குக் கீழே ரெண்டு கணு விட்டு வெட்டினால் போதும். அடிக்கடி வேலிச்செடி மாதிரி கத்தரித்துக்கொண்டே இருந்தால் பூவே பார்க்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிஞ்சா, அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. உப்பு அதிகமான போர் தண்ணியில் இது சகஜம். கவாத்து அதைச் சரிபண்ணாது. ரோஜாவுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சரியான நேரம், நல்ல கிளைகளைப் பாதியாகக் குறைக்கணும். டிசம்பர் பூ, பவழமல்லி ரெண்டையும் பூத்து முடிந்தபிறகு பிப்ரவரியில். நந்தியாவட்டை எதையும் தாங்கும்.

உண்ணிச்செடி தானா முளைச்சிருந்தால் மட்டும் கவாத்து வேண்டாம், வேரோடு எடுங்க. பூ அழகாத்தான் இருக்கும். 1800-களின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்ததுதான் இன்றைக்குக் காடு காடாகப் பரவி, அகற்றுவதற்கு அரசே திட்டம் போடுகிற நிலைமைக்கு வந்திருக்கு.

வெட்டுற நாள் காலையில்

முதலில் ஒரு நீளக் குச்சியால் செடியின் அடியைத் தட்டிக் கலைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்க. மல்லி வாசனைக்குப் பாம்பு வரும் என்பது கதை. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். அவை வருவது, பல மாசமா கூட்டாத சருகுக்கும் ஈரத்துக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுமே தமிழ்நாட்டில் உண்டு. பாம்புக்கடியை எல்லா மருத்துவமனைகளும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவிச்சிருக்கு. ஷூ போடாமல் புதரில் கால் வைக்காதீங்க. அப்படியே கடிச்சுட்டால் கயிறு கட்டுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம்; கையைக் காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போயிடணும். கவாத்து பண்ணும்போது தரையிலிருந்து ஒரு அடி வரைக்கும் பக்கக் கிளைகளை எடுத்துவிட்டால், அப்புறம் அடி மண் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். பெருக்கவும் சுலபம்.

அடுத்து, கூடு. தையல்சிட்டு ரெண்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும், கொண்டைக்குருவி செம்பருத்தி நடுவில் உட்கார்ந்திருக்கும். குஞ்சு இருந்தால் அந்தக் கிளையை மட்டும் விட்டுடுங்க, மூணு வாரத்தில் பறந்துடும். குளவிக்கூடு இருந்தால் நீங்களே கலைக்காதீங்க.

கிளை மின்கம்பியைத் தொடுகிறதா? அதை நீங்க வெட்டவே கூடாது, அதுவும் இரும்புத் தொரட்டியால். மின்னகம் எண் 94987 94987-ல் புகார் சொன்னால் மின்வாரிய ஆட்கள் லைனை நிறுத்திட்டு வெட்டிக் கொடுப்பாங்க.

பென்சில் கனம் வரை கவாத்துக் கத்தரி, அதுக்கு மேல் கை ரம்பம். அரிவாளால் ஓங்கி வெட்டினால் கிளை பிளந்து, அந்தப் பிளவில் தண்ணி இறங்கி அழுகும். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வா, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேல் வெட்டணும். அப்போதான் புதுக் கிளை வெளியே பரவும். விரல் கனத்துக்கு மேல் உள்ள வெட்டுகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துப் பூசிடுங்க, உரக்கடையில் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பெரிய கவாத்தே வேண்டாம். இத்தனை நாள் நிழலில் இருந்த தண்டு திடீர்னு நம்ம ஊர் வெயிலைப் பார்த்தால் பட்டை வெந்துபோகும்.

கோழி எருவும் காரணமா இருக்கலாம்

நாமக்கல் மாவட்டத்தில் கோழி எருவுக்குப் பஞ்சமே இல்லை. கோழிப்பண்ணையில் தெரிஞ்சவங்க இருந்தால் மூட்டையே வந்து இறங்கும். நாமும் சும்மா கிடைக்குதேன்னு செடிக்கு அள்ளிக் கொட்டுகிறோம். தொழுவுரத்தில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு தழைச்சத்து கோழி எருவில் இருக்கு. தழைச்சத்து அதிகமானால் இலையும் கிளையும் தள்ளிக்கொண்டு வரும், பூ குறையும். அதுவும் மக்காத எரு என்றால் சூட்டில் வேரே கருகும். குறைந்தது மூணு மாசம் மண்ணும் சருகும் கலந்து மக்க வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை, செடிக்கு ரெண்டு கை. அவ்வளவுதான். வெட்டி வெட்டிக் கை வலிக்குதுன்னா, முதலில் மூட்டையை நிறுத்திப் பாருங்க.

அரளி தவிர்த்த இலை, மெல்லிய குச்சிகளை எரிக்காமல் அதே செடி அடியில் மூடாக்காகப் போடலாம். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி தோட்டக் கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதே தப்பு.

மிச்சமிருக்கிற நல்ல குச்சிகளை வீணாக்காதீங்க. செம்பருத்தி, காகிதப்பூ, நந்தியாவட்டையில் பென்சில் கனக் குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு, மூணு நாலு கணு இருக்கும்படி நறுக்கி, அடியைச் சாய்வாவும் தலையை நேராவும் வெட்டினால் எது மேல், எது கீழ் என்ற குழப்பம் வராது. மணல் கலந்த செம்மண்ணை பால் கவரில் நிரப்பி, அடியில் ரெண்டு ஓட்டை போட்டு, நட்டு நிழலில் வெச்சுடுங்க. ஒண்ணு, ஒண்ணரை மாசத்தில் வேர் பிடிக்கும்.

திரும்ப நடும்போது மட்டும் இடைவெளியை யோசிங்க. குண்டுமல்லிக்கே செடிக்குச் செடி 1.25 மீட்டர், அதாவது நாலடி விடணும். எங்க வீட்டு இருபதடி ஓரத்தில் பதினாறு செடி இருந்துச்சு. இப்போ ஆறு. மிச்சத்தில் மூணு அத்தை வீட்டுக்கே திரும்பிப் போயிடுச்சு.